இதயக் குழாயில் இறுகிய கால்சியத்துக்கு அதிர்வலை பலூன்: கையெழுத்துக்கு முன்பும் பின்பும் செய்யவேண்டியவை

ஆஞ்சியோகிராம் முடித்து வெளியே வரும் மருத்துவர், "அடைப்பில் கால்சியம் இறுகியிருக்கிறது, ஷாக்வேவ் பலூன் போட்டுவிட்டுத்தான் ஸ்டென்ட் வைக்க வேண்டும்" என்று சொல்லும்போது, வாசலில் காத்திருக்கும் குடும்பத்தின் காதில் விழுவது பெரும்பாலும் அடைப்பு என்ற சொல்லும் அதற்காகும் தொகையும் மட்டுமே. ஷாக்வேவ் பலூன் என்பது கால்சியத்தை அதிர்வலையால் உடைக்கும் பலூன்; ஸ்டென்ட் என்பது குழாயைத் திறந்தபடி தாங்கிப் பிடிக்கும் கம்பிவலை. வடசென்னையில் ஒரு கேத் லேபில், அதாவது இதயக் குழாய்ச் சிகிச்சைக் கூடத்தில், 16 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் என்ற முறையில், அந்த வாசலில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும், எதற்குத் தயாராக வேண்டும், வீடு திரும்பிய பின் எதை விட்டுவிடக் கூடாது என்பதை இங்கே எழுதுகிறேன். திடீரென்று நெஞ்சில் பாரம், குளிர்ந்த வியர்வை, கையிலோ தாடையிலோ பரவும் வலி என்று வந்தவர் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே 108ஐ அழைக்க வேண்டும். யோசிக்கவும் கேட்கவும் சில நாள்களாவது கையில் இருப்பவர்களுக்கே இந்த வழிகாட்டி.

இந்தக் கால்சியம் எங்கிருந்து வந்தது

என் தாய்மாமா காசிமேட்டில் விசைப்படகு என்ஜின்களைப் பழுதுபார்த்தவர். 20 ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய் உள்ளவர். அவருக்கு அடைப்பு என்று தெரிந்த அன்று என்னிடம் முதலில் கேட்டது, "ஏம்மா, வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவித் தடவித்தான் உள்ள பூசிக்கிச்சா?" என்பதுதான். இந்தக் கேள்வியை வேறு பல வீடுகளிலும் கேட்டிருக்கிறேன், பால் குடிப்பதையும் கேழ்வரகுக் களி சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். சாப்பிடும் சுண்ணாம்புச் சத்து நேராகப் போய்க் குழாயில் ஒட்டிக்கொள்வதில்லை. குழாயின் சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்பு படிந்து அழற்சி நீடிக்கும்போது, சுவரிலுள்ள தசைச் செல்களே எலும்புச் செல்களின் குணத்தைப் பெற்றுக் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் தம்மைச் சுற்றிச் சேர்க்கத் தொடங்குகின்றன. வயது, சர்க்கரை, புகைப்பழக்கம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீரகக் கோளாறு ஆகியவை இதை வேகப்படுத்துகின்றன. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் குழாய்களில் இது மிகக் கடுமையாக இருப்பதை நாங்கள் அடிக்கடி பார்த்தோம். ஆகவே மருத்துவர் சொல்லாமல் பாலையோ கால்சியம் மாத்திரையையோ நிறுத்த வேண்டியதில்லை. வெற்றிலையோடு புகையிலை போடுபவர் அந்தப் புகையிலையைக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

கால்சியம் கூடுதலாக உள்ளவருக்கு ஆஞ்சியோகிராமில் குழாய் தெரிவதற்கான சாயம் செலுத்துவதற்கு முன்பே எக்ஸ்ரே திரையில் அது தெரிந்துவிடும். சாம்பல் நிறப் படத்தில், இதயம் துடிக்கும் ஒவ்வொரு முறையும், தண்டவாளம் போல இணையாக ஓடும் இரண்டு மெல்லிய கருங்கோடுகள் ஒன்றாக எழும்பி இறங்கும். அந்த இடத்தில் சாதாரண பலூனை விரித்தால், இரு முனைகளும் உப்பி, கால்சியம் வளையமாகச் சுற்றியிருக்கும் நடுப்பகுதி மட்டும் விரிய மறுத்து, பலூன் உடுக்கை வடிவத்தில் நிற்கும். அதன் மேலேயே ஸ்டென்ட் வைத்தால் ஸ்டென்ட்டும் இடுப்பு சிறுத்தே நிற்கும். சரியாக விரியாத ஸ்டென்ட்டில் இரத்தம் உறையவும், சில மாதங்களில் மீண்டும் அடைத்துக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். அதனால்தான் ஸ்டென்ட்டின் தரத்தையும் விலையையும் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அது அமரப்போகும் இடத்தை எப்படித் தயார் செய்யப்போகிறார்கள் என்று கேளுங்கள் என எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

இந்த அடைப்பைத் திறக்கத்தான் வேண்டுமா

இதைக் கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்வார் என்று பலர் அஞ்சுகிறார்கள். நல்ல மருத்துவர் யாரும் கோபிப்பதில்லை. மாரடைப்பு வந்தவருக்கும், ஓய்வாக இருக்கும்போதே வலி வருபவருக்கும் தாமதம் கூடாது. ஆனால் மாடி ஏறினால் மட்டும் வலி, உட்கார்ந்தால் தணிகிறது, மாதக்கணக்கில் இப்படியே இருக்கிறது என்றால், மாத்திரைகளை முறையாகக் கொடுத்துப் பார்ப்பதும் முழுமையான சிகிச்சைதான். 2020இல் வெளியான 'இஸ்கீமியா' என்ற பெரிய ஆய்வில் 5,179 பேர் பங்கேற்றார்கள். இத்தகைய நிலையான நோயில், முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கும் மாத்திரையோடு தொடங்கியவர்களுக்கும் இறப்பிலும் மாரடைப்பிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வலி குறைவதில் மட்டும் முதல் தரப்பினருக்குத் தெளிவான நன்மை இருந்தது. இடது முதன்மைக் குழாயில் அடைப்பு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

முழு உடல் பரிசோதனையில் சி.டி. ஸ்கேன் எடுத்துக் கால்சியம் மதிப்பெண் 400க்கு மேல் என்று வந்ததும், அந்தக் கால்சியத்தை உடைக்க வேண்டும் என்று எண்ணி ஓடிவருபவர்களும் உண்டு. அந்த மதிப்பெண் வருங்கால ஆபத்தைக் கணிக்க உதவுவது. அதைப் பார்த்து மட்டும் யாருக்கும் அதிர்வலைச் சிகிச்சை செய்வதில்லை. இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அடைப்பு இருந்து, அதைத் திறக்க வேண்டும் என்று முடிவான பிறகுதான், கால்சியத்தை என்ன செய்வது என்ற பேச்சே எழும். அதுபோலவே, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கால்சியம் மதிப்பெண் சற்றுக் கூடலாம்; அது படிவு கெட்டிப்பட்டு நிலைபெறுவதன் அடையாளமாக இருக்கக்கூடும் என்பதால், அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்று குழாய்களிலும் அடைப்பும் கூடவே சர்க்கரையும் இருந்தால், பைபாஸ் அறுவை சிகிச்சை ஏன் வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேளுங்கள். இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவை சிகிச்சை 1975இல் நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான், டாக்டர் கே.எம். செரியன் கையால் நடந்தது. இந்தப் பகுதிக்காரர்கள் மார்பைத் திறப்பதற்கு இவ்வளவு அஞ்சும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். இதய மருத்துவரும் அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து படத்தைப் பார்த்துச் சொல்லும் முடிவே நம்பத்தக்கது.

உள்ளிருந்து எடுத்த படத்தைக் கேளுங்கள்

ஆஞ்சியோகிராம் என்பது குழாய்க்குள் ஓடும் சாயத்தின் நிழல். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பதை அது அரைகுறையாகத்தான் காட்டும். குழாய்க்குள்ளேயே ஒரு மெல்லிய ஊடுகுழாயை அனுப்பிப் படமெடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒலியலையால் பார்ப்பதை ஐவஸ் என்றும், ஒளியால் பார்ப்பதை ஓ.சி.டி. என்றும் சொல்வார்கள். ஓ.சி.டி.யில் கால்சியத்தின் தடிமனைத் தெளிவாக அளக்கலாம், ஆனால் அதற்குக் கூடுதலாகச் சாயம் செலுத்த வேண்டியிருக்கும்; ஐவஸுக்குச் சாயம் தேவையில்லை என்பதால், கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்த அளவு) கூடியவர்களுக்கு அது பாதுகாப்பானது. கால்சியம் குழாயின் சுற்றளவில் பாதிக்கு மேல் சூழ்ந்திருக்கிறதா, தடிமன் அரை மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, நீளம் 5 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா என்ற மூன்றையும் ஓ.சி.டி. படத்தில் பார்ப்பார்கள். மூன்றுக்கும் ஆம் என்றால், முன்னேற்பாடு இல்லாமல் வைக்கும் ஸ்டென்ட் சரியாக விரியாமல் போகும் ஆபத்து அதிகம். மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியதும் இந்த மூன்றையேதான்.

மாமாவுக்கு முதல்முறை ஸ்டென்ட் வைத்த இடத்தில் இந்தப் படம் எடுக்கவில்லை; எந்த இடம் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. நான் அப்போது மகப்பேறு விடுப்பில் ஊரில் இருந்தேன், போனில் கேட்டபோது நல்லபடியாக முடிந்தது என்றார்கள், நானும் அதற்குமேல் கேட்கவில்லை. ஏழாம் மாதத்தில், படகுத்துறையிலிருந்து தெருமுனை வரை நடப்பதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேறொரு மருத்துவமனையில் ஓ.சி.டி. எடுத்தபோது, வட்டமாகத் தெரிய வேண்டிய ஸ்டென்ட்டின் கம்பிகள் ஒரு பக்கம் கால்சியத் திட்டில் முட்டி, மிதிபட்ட வளையல் போல நசுங்கித் தெரிந்தன. அந்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே அதிர்வலை பலூனை விரித்து, பின்னால் இருந்த கால்சியத்தை நொறுக்கி, பிறகு உயரழுத்த பலூனால் விரித்தார்கள். ஏற்கெனவே வைத்த ஸ்டென்ட்டுக்குள் இதைப் பயன்படுத்துவது இந்தக் கருவிக்கு அமெரிக்காவில் அளிக்கப்பட்ட அனுமதிக்குள் வராது என்பதையும், வேறு வழி குறைவு என்பதாலேயே செய்கிறோம் என்பதையும் அந்த மருத்துவர் முன்கூட்டியே எங்களிடம் சொன்னார். மாமா இப்போது நன்றாக நடக்கிறார். ஆனாலும் முதல்முறையே 15 நிமிடம் கூடுதலாகச் செலவிட்டு உள்ளே பார்த்திருந்தால் அவர் இரண்டாம் முறை அந்த மேசையில் படுத்திருக்க வேண்டியதில்லை என்ற வருத்தம் எனக்குத் தீரவில்லை.

பலூன் எப்படி வேலை செய்கிறது

சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலையால் உடைக்கும் முறை 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குச் செய்யப்பட்டது. அந்தக் கருவியை உருவாக்கியது டோர்னியர் என்ற விமான நிறுவனம். மென்மையான திசுவைப் பெரிதும் பாதிக்காமல் கடந்துசென்று, கடினமான பொருளில் மோதும்போது அதை விரிசலிடச் செய்வது அதிர்வலையின் இயல்பு. அதே தத்துவத்தைச் சிறிதாக்கிக் குழாய்க்குள் கொண்டுபோனதுதான் இந்தச் சிகிச்சை. ஷாக்வேவ் என்பது இந்தக் கருவியை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர். ஜெராக்ஸ் போல அதுவே சிகிச்சையின் பெயராகப் புழங்குகிறது.

மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ ஊடுகுழாயைச் செலுத்தி, அடைப்பைத் தாண்டி ஒரு மெல்லிய கம்பியை அனுப்புவார்கள். அந்தக் கம்பியின் மேல் 12 மில்லிமீட்டர் நீளமுள்ள பலூன் போகும். பலூனின் அகலம் குழாயின் இயல்பான அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். சிறியதாக இருந்தால் சுவரைத் தொடாது, தொடாவிட்டால் அலையின் வலு குறையும். உப்புநீரும் சாயமும் கலந்த திரவத்தை நிரப்பி வெறும் 4 வளிமண்டல அழுத்தத்துக்கு விரிப்பார்கள், அதாவது கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. பலூனுக்குள் இருக்கும் நுண்ணிய மின்முனைகளில் பொறி தெறிக்கும்போது அந்த இடத்துத் திரவம் நொடிப்பொழுதில் ஆவியாகிக் குமிழாக விரிந்து சுருங்கும். அதிலிருந்து கிளம்பும் அலை சுமார் 50 வளிமண்டல அழுத்தத்தோடு சுவருக்குள் பாய்ந்து கால்சியத்தில் விரிசலிடும். நொடிக்கு ஒன்றாக இப்படிப் பத்து அதிர்வலைத் துடிப்புகள் கொடுத்த பின், பலூனை 6 வளிமண்டலத்துக்கு ஏற்றி, பிறகு சுருக்கி இரத்தம் ஓட இடம் கொடுப்பார்கள். இதயக் குழாய்களுக்கென முதலில் பரவலாகப் பயன்பட்ட வகையில் ஒரு பலூனுக்கு 80 துடிப்புகள். பின்னர் வந்த வகையில் 120.

இதற்கு முன்பிருந்தே உள்ள ரோட்டா முறையில், வைரத் துகள் பதித்த சிறு முனை நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் முறையளவு சுழன்று கால்சியத்தைச் சுரண்டும். அதில் வெளிப்படும் துகள்கள் இரத்தத்தோடு கீழே போவதால் சிலருக்கு ஓட்டம் தற்காலிகமாக மந்தப்படும். அதிர்வலையில் உடைந்த கால்சியம் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது; ஆழத்தில் இருப்பதும் உடைகிறது; வழக்கமான பலூன் போடத் தெரிந்த மருத்துவர் விரைவில் பழகிக்கொள்ளலாம். ஆனால் இந்தப் பலூன் சற்றுத் தடித்தது. பலூனே நுழைய முடியாத அளவுக்கு அடைப்பு இறுக்கமாக இருந்தால், முதலில் ரோட்டாவால் வழி செய்துவிட்டுத்தான் இதை அனுப்ப முடியும். கால்சியம் வளையமாக இல்லாமல் ஒரு பக்கம் முண்டு முண்டாகத் துருத்திக்கொண்டிருந்தால் பலன் அவ்வளவு உறுதியாகச் சொல்லத்தக்கதன்று.

அமெரிக்க ஒப்புதலுக்கு அடிப்படையாக இருந்த ஆய்வில் 384 பேரின் முடிவுகளை ஆராய்ந்தார்கள். 30 நாளில் இறப்பு, மாரடைப்பு, மறுசிகிச்சை எதுவுமின்றி இருந்தவர்கள் 92.2 சதவீதம். ஒப்புதல் 2021 பிப்ரவரியில் வந்தது. ஆனால் அந்த ஆய்வில் வேறு முறையோடு நேரடி ஒப்பீடு இல்லை. கால்சியம் என்று கேட்டவுடனே சிறப்புக் கருவி தேவை என்றும் எண்ணிவிட வேண்டாம். சுழன்று சுரண்டும் இன்னொரு கருவியைப் பற்றி 2,005 பேரிடம் நடத்தி 2024இல் முடிவு அறிவித்த ஆய்வில், எல்லோருக்கும் அதை வழக்கமாகப் பயன்படுத்தியதால், பலூனால் தயார்செய்ததைவிடக் கூடுதல் நன்மை எதுவும் கிடைக்கவில்லை. உயரழுத்த பலூன் முழுதாக விரிந்துவிட்டால் அதுவே போதும்.

செலவும் முன்னேற்பாடும்

ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியிலேயே நடுவணரசு விலை உச்சவரம்பு விதித்துவிட்டது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அன்று விதித்தது 29,600 ரூபாய், அதன்பின் அது திருத்தப்பட்டு வருகிறது. அதிர்வலை பலூனின் விலை அதைவிடப் பல மடங்கு, ஒருமுறைதான் பயன்படுத்தலாம். ஆகவே எத்தனை பலூன் தேவைப்படும் என்று தனியாகக் கேளுங்கள். அகலம் வேறுபட்ட இரண்டு குழாய்களுக்கு இரண்டு பலூன்கள் வேண்டியிருக்கலாம். கால்சியம் நீளமாக இருந்தால் ஒரு பலூனின் துடிப்புகள் பாதியிலேயே தீர்ந்துவிடலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், ஸ்டென்ட்டுக்கான முன் அனுமதியில் இந்தப் பலூனும் சேருமா, சேராவிட்டால் மீதித் தொகை எவ்வளவு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தாகவே கேட்டு வாங்குங்கள். தனியார் காப்பீட்டுக்கும் இதே விதி. பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்கள் நகைக்கடை வாசலில் நிற்பதற்கு முன்னால் ஸ்டான்லியில், முதியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் அந்த மருத்துவமனையில், படத்தைக் காட்டி ஒரு கருத்துக் கேட்கலாம். அதற்காக ஆஞ்சியோகிராம் பதிவான குறுந்தகட்டைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

சிகிச்சைக்கு முன் கிரியாட்டினின், ஹீமோகுளோபின், ஈ.சி.ஜி., எக்கோ பார்ப்பார்கள். சாயத்துக்கு ஒவ்வாமை வந்ததுண்டா, சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறீர்களா, இரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரை எடுக்கிறீர்களா, பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறீர்களா என்பதை அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் சொல்லிவிடுங்கள். அதிர்வலைத் துடிப்பு சில நேரம் இதயத்தையும் சேர்த்துத் துடிக்கவைக்கும் என்பதால் பேஸ்மேக்கர் உள்ளவரைக் கூடுதல் கவனத்தோடு கண்காணிக்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளைப் பெயர் சொல்லத் தெரியாவிட்டால் அட்டைகளோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுவருவதே சரி.

மேசையில் படுத்திருக்கும்போது

பெரும்பாலும் மயக்கம் கொடுப்பதில்லை; ஊசி போட்ட இடம் மட்டும் மரத்திருக்கும். துடிப்பு கொடுக்கும்போது இயந்திரத்திலிருந்து சீராக ஒலி கேட்கும். பலூன் விரிந்திருக்கும் சில நொடிகளில் நெஞ்சில் இறுக்கம் வரலாம். வந்தால் அடக்கிக்கொள்ளாமல் சொல்ல வேண்டும். ஈ.சி.ஜி.யில் இதயத் துடிப்புகளுக்கு இடையில் புகும் கூடுதல் துடிப்பு, மேலே சொன்ன 384 பேரின் ஆய்வில் ஐந்தில் இருவருக்கு வந்தது, பலூனைச் சுருக்கியதும் போய்விட்டது. குழாய்ச் சுவர் கிழிவது, பலூன் வெடிப்பது, மிக அரிதாகக் குழாயில் ஓட்டை விழுவது ஆகியவை உண்மையான ஆபத்துகள். ஒப்புதல் படிவத்தில் இவை இருக்கும், படித்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஸ்டென்ட் வைத்த பின் மீண்டும் ஒருமுறை உள்ளிருந்து படமெடுத்து, முழுதாக விரிந்ததா என்று பார்த்தார்களா என்பதே வெளியே வந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

வீட்டுக்கு வந்த பின்

மணிக்கட்டு வழியாகச் செய்திருந்தால் அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்குவதையும் துணி பிழிவதையும் சில நாள் தவிர்க்க வேண்டும். இரத்தம் கசிந்தால் விரலால் அழுத்திப் பிடித்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்றும் மறுநாளும் மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்குத் தண்ணீர் குடித்தால் சாயம் வெளியேறும். சிறுநீர் குறைந்தால் உடனே சொல்லுங்கள்.

ஆஸ்பிரினும், கூடவே குளோபிடோக்ரல் அல்லது டிகாக்ரெலாரும் எழுதித் தருவார்கள். நிலையான நோய்க்கு வழக்கமாக ஆறு மாதமும், மாரடைப்புக்குப் பின் ஓராண்டும் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட வேண்டியிருக்கும். இரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு மருத்துவர் இதைக் குறைப்பார். பல் பிடுங்கப் போன இடத்தில் யாரோ நிறுத்தச் சொன்னார்கள் என்று ஐந்தே நாள் மாத்திரையை விட்டு, ஸ்டென்ட் முழுதும் உறைந்துபோய், நள்ளிரவில் எங்கள் கூடத்துக்குத் தூக்கிவரப்பட்டவரை நான் பார்த்திருக்கிறேன். பல் மருத்துவர் உட்பட யார் நிறுத்தச் சொன்னாலும், ஸ்டென்ட் வைத்த மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அதற்கு வசதியாக, ஸ்டென்ட்டின் பெயர், அளவு, வைத்த நாள், அதிர்வலை பலூன் பயன்படுத்திய விவரம் ஆகியவை உள்ள அட்டையை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, அதன் படத்தை உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.